ஹைட்ரஜன் லாரி வருவதற்கு முன் பட்டறைகளுக்குப் பயிற்சி வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹைட்ரஜனில் ஓடும் லாரி, பஸ், ரயில் என்று உங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்தி வருகிறது. வந்த அன்றைக்கு என் பட்டறையில் அதைப் பற்றித்தான் பேச்சு. கிருஷ்ணகிரி பைபாஸ் ஓரத்தில் லாரிப் பட்டறை நடத்துகிறவன் நான். சென்னை, சேலம், பெங்களூர், திருவண்ணாமலை, குப்பம் என்று ஐந்து பக்கமும் சாலை பிரிகிற ஊர் இது. கிரானைட் கல், ஓசூர் உதிரிபாகம், ராயக்கோட்டைத் தக்காளி, சீசனில் மாங்கூழ் டிரம் என எல்லா லோடும் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போகிறது. லோன் போட்டு வண்டி எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் டிரைவர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, டீசல் வண்டிக்கு இன்னும் எத்தனை வருஷம்?"

ஹைட்ரஜன் வேண்டாம் என்று சொல்ல நான் எழுதவில்லை. கனரக லாரிக்கு அது வர வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வருவதற்கு முன், அந்த வண்டியைக் கழற்றி மாட்டப்போகிற சாலையோரப் பட்டறைக்காரர்களுக்குத் தொழிலைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வர வேண்டும். அதற்கான சோதனை ஓட்டம் நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி வழியாகவே நடக்க வேண்டும். ஏன் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. ஹைட்ரஜன் நிலக்கரி போலத் தோண்டி எடுக்கும் எரிபொருள் அல்ல, எதிலிருந்தாவது பிரித்தெடுக்க வேண்டும். இன்றைக்கு உலகத்தில் தயாராகும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும்தான் வருகிறது. எரிவாயுவிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுத்தால் ஆலைப் புகைபோக்கியில் 9, 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியே போகும். அந்த ஹைட்ரஜனை லாரியில் ஊற்றினால் சாலையில் புகை இல்லை, ஆலையில் இருக்கிறது, அவ்வளவுதான். காற்றாலை, சூரிய மின்சாரத்தை வைத்துத் தண்ணீரைப் பிரித்து எடுப்பதைத்தான் பசுமை ஹைட்ரஜன் என்கிறார்கள். கிலோவுக்கு 2 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு மேல் போகக்கூடாது என்று 2023இல் மத்திய அரசு அதற்கு ஒரு வரையறை வைத்தது. நல்ல வரையறை. ஹைட்ரஜன் வண்டி என்று யார் கொடியசைத்தாலும், எந்த ஹைட்ரஜன் என்று நிருபர்கள் கேட்டு எழுத வேண்டும்.

அப்படித் தண்ணீரிலிருந்து ஒரு கிலோ எடுக்க 50 முதல் 55 யூனிட் மின்சாரம் ஆகிறது. எடுத்த ஹைட்ரஜனில் இருப்பதோ 33 யூனிட் சக்தி. அதை அழுத்தி, ஏற்றி, வண்டிக்குள் மறுபடி மின்சாரமாக்கும்போது இன்னும் பாதி போகிறது. கிருஷ்ணகிரியிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 260 கிலோமீட்டர். 40 டன் வண்டி லோடோடு லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் 65 லிட்டர் டீசல், 6,000 ரூபாய்க்குப் பக்கம். அதே தூரத்துக்கு ஹைட்ரஜன் 22 கிலோ வேண்டியிருக்கும். சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பசுமை ஹைட்ரஜன் கொடுக்க 2025இல் வந்த டெண்டர் விலையே கிலோ 300 ரூபாய்க்கு மேல். 350 என்று வைத்தால் 7,700 ரூபாய். இது ஆலை வாசல் விலை. அழுத்தி, டேங்கரில் கொண்டுவந்து, பங்க் வைத்து விற்பவரின் செலவு இதில் சேரவில்லை. டீசல் விலையில் வரி இருக்கிறது, இதில் அதுவும் சேரவில்லை. வண்டி விலையைப் பற்றி நான் பேசவே இல்லை.

மின்சாரமாகப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். சென்னைக்குப் போகத் தேவையான 22 கிலோ ஹைட்ரஜனைத் தயாரிக்க 1,200 யூனிட். அதே மின்சாரத்தை நேராக பேட்டரியில் ஏற்றி அதே லோடை இழுத்தால் 400 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். மூன்று மடங்கு வித்தியாசம் என்றால், பேட்டரியில் ஓடக்கூடிய எந்த வண்டியையும் ஹைட்ரஜனில் ஓட்டுவது மின்சாரத்தை வீணாக்குவதுதான்.

அதனால்தான் ஸ்கூட்டர், கார், டவுன் பஸ் எதற்கும் ஹைட்ரஜன் வேண்டாம் என்கிறேன். மின்சார ஸ்கூட்டரை நாடு முழுவதற்கும் செய்து அனுப்புகிற மாவட்டம் எங்களுடையது; போச்சம்பள்ளியிலும் ஓசூரிலும் தயாராகிறது. என் அக்கா மகளே அப்படி ஒரு தொழிற்சாலைக்குத் தினமும் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறாள். வீட்டு பிளக்கில் சார்ஜ் போட்டு ஓட்டக்கூடிய வண்டிக்கு எதற்கு 700 பார் அழுத்தத்தில் ஒரு டேங்க்? டொயோட்டா 2014 முதல் மிராய் காரை விற்கிறது. 5 கிலோ சொச்சம் ஹைட்ரஜனில் 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிற அருமையான கார். 2022இல் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி அதில்தான் பாராளுமன்றத்துக்கு வந்து இறங்கினார். ஆனால் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கார்களுக்கான தன் ஹைட்ரஜன் பங்குகளை 2024இல் ஷெல் நிறுவனம் மூடிவிட்டது. பங்க் மூடினால் அந்தக் கார்க்காரர் என்ன செய்வார்? கேனில் வாங்கிவந்து ஊற்றிக்கொள்கிற சாமான் இல்லையே இது.

லாரி விஷயம் வேறு. 500 கிலோமீட்டர் நிற்காமல் ஓட வேண்டிய கனரக வண்டிக்கு 650 யூனிட் அளவில் பேட்டரி வேண்டும். இன்றைய நிலையில் அதன் எடையே 4 டன்னைத் தொடும். அந்த 4 டன் வாடகை கிடைக்காத எடை. சார்ஜ் ஏற நேரம் பிடிக்கும். ஜூன் மாதம் மாங்கூழ் ஆலை வாசலில் வண்டிகள் வரிசையில் நிற்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தச் சீசனில் ஒரு ட்ரிப் போனால் அதோடு டிரைவரின் பேட்டாவும் போயிற்று. ஹைட்ரஜனை டீசல் போலச் சில நிமிடங்களில் நிரப்பிக்கொண்டு கிளம்பிவிடலாம். பேட்டரியும் வருடத்துக்கு வருடம் எடை குறைந்துகொண்டுதான் வருகிறது, நாளைக்கு இந்தக் கணக்கு மாறலாம். இப்போதைக்கு ஹைட்ரஜனுக்கு ஒரு வேலை இருக்கிறது என்றால் அது பாரம் இழுக்கும் வண்டியில்தான்.

பாரம் என்றால் தொப்பூரைச் சொல்லாமல் முடியாது. தர்மபுரியைத் தாண்டி சேலத்துக்கு இறங்குகிற அந்தக் கணவாய், அதன் இரட்டைப் பாலம், அங்கே போன உயிர்கள் எல்லாம் உங்கள் பத்திரிகையில் எத்தனையோ முறை வந்தவை. அங்கே என்ன நடக்கிறது என்று பட்டறைக்காரனுக்குத் தெரியும். இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க வண்டியை நியூட்ரலில் விடுகிறார்கள். கியரில் இருந்தால் இன்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும், எக்ஸாஸ்ட் பிரேக்கும் உதவும். நியூட்ரலில் அது எதுவும் இல்லை, முழு பாரமும் பிரேக் மேல் விழுகிறது. இன்ஜினையே அணைத்துவிடுகிறவர்களும் உண்டு. அப்போது கம்ப்ரஸர் ஓடாது, ஏர் டேங்கில் இருக்கிற காற்றோடு சரி. மிதிக்க மிதிக்க அந்தக் காற்று இறங்கிவிடும். தப்பித்து வருகிற வண்டியின் சக்கரத்தைக் கழற்றினால் ட்ரம் நீலம் பாய்ந்திருக்கும், லைனர் கருகி விரலால் தொட்டாலே உதிரும். அந்தக் கருகல் வாடை கை கழுவினாலும் போகாது. ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் டீசலுக்காக இது நடக்கிறது.

40 டன் வண்டி 100 மீட்டர் உயரம் இறங்கினால் கிட்டத்தட்ட 11 யூனிட் சக்தி வெளியே வருகிறது. டீசல் லாரியில் அதை பிரேக் ட்ரம்மில் சூடாகக் கொட்டுகிறோம். ஹைட்ரஜனையும் காற்றையும் சேர்த்து வண்டிக்குள்ளேயே மின்சாரம் எடுக்கிற கருவிக்கு எரிபொருள் கலம் என்று பெயர். அது வைத்த ஹைட்ரஜன் லாரியில் சக்கரத்தைச் சுற்றுவது மின்மோட்டார். இறக்கத்தில் அதே மோட்டார் டைனமோ மாதிரி வேலை செய்து, வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொண்டே கூட இருக்கிற பேட்டரியில் மின்சாரத்தைச் சேர்க்கும். பேட்டரி நிறைந்துபோனால் மீதியைச் சூடாக வெளியேற்ற வேறு ஏற்பாடு வேண்டும், அது வடிவமைப்பவர்கள் வேலை. ஆனால் டிரைவருக்குப் பெரிய மாற்றம் இதுதான்: நியூட்ரலில் விட்டால் நஷ்டம், பிடித்து இறக்கினால் லாபம். சங்ககிரி டிரைவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "அப்ப தொப்பூர்ல மெதுவா இறங்குனா காசா? அந்த வண்டிய முதல்ல கொண்டாரச் சொல்லுங்கண்ணே" என்றார். பேட்டரி லாரியிலும் இந்த வசதி உண்டு என்பதையும் அவருக்குச் சொன்னேன்.

இன்னொரு வகையும் இருக்கிறது. டீசல் இன்ஜினையே மாற்றியமைத்து, ஸ்பார்க் பிளக் வைத்து, ஹைட்ரஜனை நேராக உள்ளே எரிப்பது. 2023 பிப்ரவரியில் பெங்களூரில் நடந்த இந்திய எரிசக்தி வாரத்தில் அசோக் லேலண்டும் ரிலையன்ஸும் சேர்ந்து அப்படி ஒரு கனரக லாரியைக் காட்டின. எங்களைப் போன்ற மெக்கானிக்குகளுக்கு அது தெரிந்த முகம்: பிஸ்டன், வால்வு, ஆயில் எல்லாம் இருக்கும். விலையும் குறைவாக இருக்கும், எரிபொருள் கலம் கேட்கிற 99.97 சதவீதச் சுத்தமும் அதற்கு அவசியமில்லை. ஆனால் தொப்பூரில் அது டீசல் வண்டி மாதிரியேதான் இறங்கும். அதிக வெப்பத்தில் எரியும்போது காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடு வரும், அதற்குப் பின்னால் சுத்திகரிப்புக் கருவி வைக்க வேண்டியிருக்கும். எரிபொருள் கலத்துக்கும் ஒரு சிக்கல் உண்டு. அது உள்ளே இழுக்கிற காற்று சுத்தமாக இருக்க வேண்டும். எங்கள் ஊர்க் கல்குவாரித் தூசியும், முன்னால் போகிற பழைய வண்டியின் புகையும் அதற்கு ஆகாது. ஃபில்டர் எவ்வளவு நாள் தாங்கும் என்பது பர்கூர் பக்கம் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும், ஜெர்மனியில் ஓட்டிப் பார்த்துத் தெரியாது.

இப்போது என்னை உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன்.

லாரி டயரில் 120 பி.எஸ்.ஐ. காற்று அடிக்கிறோம். அது வெடித்தாலே பக்கத்தில் நிற்பவர் கை போகும். சி.என்.ஜி. வண்டி சிலிண்டரில் 3,000 பி.எஸ்.ஐ. அளவில் இருக்கும். ஹைட்ரஜன் லாரி டேங்கில் 5,000, காருக்கு 10,000 (முன்னால் சொன்ன 700 பார் இதுதான்). ஒரு கிலோ ஹைட்ரஜனை அப்படியே விட்டால் 11,000 லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும் என்பதால் அவ்வளவு அழுத்தம். டேங்க் கார்பன் இழையில் சுற்றியது, துப்பாக்கியால் சுட்டும் தீயில் வைத்தும் சோதிக்கிறார்கள். டேங்கைப் பற்றி எனக்குப் பயமில்லை. டேங்கிலிருந்து கிளம்புகிற குழாய், நிப்பிள், வாஷர், வால்வு, அதை இறுக்குகிற கை, அதைப் பற்றித்தான் பயம்.

நம் சாலையில் டீசல் டேங்க் ஒழுகினால் என்ன செய்கிறோம்? குளிக்கிற சோப்பை எடுத்து ஓட்டையில் அழுத்தித் தேய்த்துவிட்டு ஊர் போய்ச் சேருகிறோம். நிப்பிள் கிடைக்கவில்லையா, பக்கத்து லேத்தில் ஒரு இரும்புத் துண்டைக் கொடுத்துக் கடைந்து போட்டுவிடுகிறோம். இது குறை இல்லை, நடுராத்திரியில் ஒரு குடும்பத்தின் பிழைப்பை நகர்த்திவிடும் கைத்திறமை. டீசலுக்கு அது செல்லும். ஹைட்ரஜனுக்குச் செல்லாது. உலகத்திலேயே மிகச் சின்ன மூலக்கூறு அது. உறுதியான இரும்புக்குள்ளேயே நுழைந்து, அதை மொறுமொறுப்பாக்கி, வெளியே தெரியாமல் விரிசல் விட வைக்கும். அதற்கென்று தேர்ந்தெடுத்த உலோகத்தைத் தவிர வேறு எதையும் அங்கே மாட்டக்கூடாது. லேத்தில் கடைந்த நிப்பிள் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

அப்புறம் கூரை. எங்கள் பட்டறைகள் எல்லாம் தகரக் கொட்டகை, கீழே வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கிற பள்ளமான பிட், ஒரு மூலையில் வெல்டிங். சமையல் கேஸ் கசிந்தால் கீழே இறங்கும், அதனால் பிட்டைப் பார்க்கச் சொல்லிப் பையன்களைப் பழக்கியிருக்கிறோம். ஹைட்ரஜன் நேர் எதிர். விர்ரென்று மேலே போய் முகட்டில் சேரும். வெட்டவெளியில் அது நல்லது. சீக்கிரம் கலைந்துவிடும், டீசல் மாதிரி தரையில் ஓடி அடுத்த வண்டிக்குத் தீ வைக்காது. மூடிய கொட்டகையில் அதுவே ஆபத்து. காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றக்கூடிய நிலை, 75 சதவீதம் வரை அப்படியே. பெட்ரோல் ஆவியைப் பற்றவைக்கத் தேவையான பொறியில் பத்தில் ஒரு பங்கு போதும். முகட்டில் திறப்பு வைக்க வேண்டும், அங்கே கசிவு காட்டும் கருவி வைக்க வேண்டும், வெல்டிங்கைத் தனியாக ஒதுக்க வேண்டும். இதெல்லாம் பெரிய செலவு இல்லை. தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வாடையும் கிடையாது. சமையல் கேஸில் கலக்கிற வாடைப் பொருளை இதில் கலந்தால் எரிபொருள் கலம் கெட்டுப்போகும். பகல் வெளிச்சத்தில் அதன் தீயும் கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்க ராக்கெட் தளங்களில் அந்தக் காலத்தில் நீளத் துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நடப்பார்களாம், துடைப்பம் பற்றினால் அங்கே தீ என்று அர்த்தம். இன்றைக்கு வெப்பம் காட்டும் கேமரா இருக்கிறது. தொப்பூரில் நான்கு வண்டி மோதிக் கிடக்கிற இடத்துக்கு முதலில் ஓடுவது பக்கத்து ஊர் இளைஞர்களும் எங்களைப் போன்றவர்களும்தான். கண்ணுக்குத் தெரியாத தீ இருக்கலாம் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? தர்மபுரி, கிருஷ்ணகிரி தீயணைப்பு நிலையங்களுக்கு அந்தக் கேமரா வந்த பிறகுதான் முதல் வண்டி வர வேண்டும்.

2019 ஜூன் 10 அன்று நார்வேயில் ஓஸ்லோ அருகே சான்ட்விகா என்ற இடத்தில் ஒரு ஹைட்ரஜன் பங்க் வெடித்தது. உயிர்ச்சேதம் இல்லை. வெடித்த அதிர்வில் அந்தப் பக்கம் போன காரின் ஏர்பேக் விரிந்து இருவருக்குக் காயம். காரணம் என்ன என்று தேடிப் பார்த்தால், உயர் அழுத்த டேங்கின் மூடியில் உள்பக்க போல்ட்டுகளைச் சரியான டார்க்கில், அதாவது சொன்ன அளவு முறுக்கு விசையில், இறுக்காமல் விட்டிருக்கிறார்கள். அதன் வழியாகக் கசிந்து, கசிவு பெருகி, வெடித்திருக்கிறது. விஞ்ஞானத்தில் கோளாறு இல்லை, பொருளிலும் கோளாறு இல்லை. ஸ்பேனர் பிடித்த கையில்தான் விட்டுப்போயிருக்கிறது. அவ்வளவு கட்டுப்பாடு உள்ள நாட்டிலேயே இப்படி என்றால், நம் ஊரில் அந்த ஸ்பேனரைப் பிடிக்கப்போகிறவனுக்கு எவ்வளவு சொல்லிக்கொடுக்க வேண்டும்!

ஆனால் சொல்லிக்கொடுக்கிற வழக்கமே நம்மிடம் இல்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 என்ற புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வண்டி வந்தபோது பட்டறைகள் பட்ட பாட்டை நான் மறக்கமாட்டேன். டீசல் லாரிக்கு யூரியாத் திரவம் ஊற்ற வேண்டும், புகை வடிகட்டி அடைத்துக்கொண்டால் இன்ஜின் இழுக்காது, சென்சார் ஒன்று போனால் வண்டி தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எதையும் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. ஒரு லாரிக் கம்பெனியிடம் பயிற்சி கேட்டுப் போனேன். டீலர் ஆட்களுக்கு மட்டும்தான் என்று வாசலிலேயே அனுப்பிவிட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்கு சூளகிரி பக்கம் எச்சரிக்கை விளக்கு எரிந்து நின்றுபோன வண்டிக்கு, சென்சார் ஒயரைப் பிடுங்கிவிட்டு ஓட்டு என்று சொல்லத்தான் அன்றைக்கு நிறைய பேருக்குத் தெரிந்தது. நல்ல கைவேலைக்காரர்கள் சிலர் தொழிலை விட்டே போனார்கள். என்னிடம் இன்ஜின் கற்றுக்கொண்ட ஒரு பையன் இப்போது ஓசூரில் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றுகிறான். அதே கூத்து ஹைட்ரஜனில் நடந்தால் பிடுங்கிவிட்டு ஓட்டுவதற்கு அங்கே ஒயர் இருக்காது, 5,000 பி.எஸ்.ஐ. இருக்கும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் கணக்குப்படி 9 லிட்டர் சுத்தமான தண்ணீர். சுத்திகரிப்பில் கழிவது, குளிரூட்டுவது எல்லாம் சேர்த்தால் 20 லிட்டருக்கு மேல் போகும். ஒரு வண்டிக்குப் பெரிதில்லை. ஆனால் தொழிற்சாலை என்று ஒன்று எங்கள் மாவட்டங்களில் வந்து போர் போட ஆரம்பித்தால் கதை வேறு. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்த தலைமுறை நாங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்த பிறகுதான் பல ஊர்களில் காவிரித் தண்ணீர் கண்டார்கள். போர் தண்ணீரைச் சுத்திகரித்து ஹைட்ரஜனுக்கு எடுத்துக்கொண்டால், அதிலிருந்த ஃபுளோரைடு எல்லாம் கழிவு நீரில் செறிந்து நிற்கும். அதை எங்கே விடுவார்கள்? குடிநீரையோ போர் தண்ணீரையோ இதற்குத் தொடக்கூடாது என்று முதலிலேயே உத்தரவு போட்டுவிட வேண்டும். தண்ணீர்தான் வேண்டும் என்றால், பெங்களூர்க் கழிவைச் சுமந்து கெலவரப்பள்ளி அணையில் மலை மாதிரி நுரை தள்ளுகிற தென்பெண்ணை இருக்கிறது. அதைச் சுத்தம் செய்து எடுத்துக்கொள்ளட்டும். எங்கள் விவசாயிகளும் வாழ்த்துவார்கள்.

அதைவிட நல்ல வழி, ஹைட்ரஜனைத் தூத்துக்குடியில் தயாரிப்பது. கடல் நீர் இருக்கிறது, உப்பு நீக்கிக்கொள்ளலாம். கயத்தாறு, ஆரல்வாய்மொழி காற்று இருக்கிறது. தமிழ்நாட்டில் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டுக்கு மேல், ஆனால் காற்றடி காலத்தில் மின்சாரத்தை எடுத்துக்கொள்ளாமல் காற்றாலையை நிறுத்தச் சொல்கிறார்கள் என்ற புகார் பல வருடமாக இருக்கிறது. அந்த மின்சாரத்தில் தயாரித்தால் மூன்று மடங்கு என்ற என் கணக்கின் வலியும் குறையும். வ.உ.சி. துறைமுகத்தில் அதற்கான வேலையைச் சின்ன அளவில் தொடங்கியும் விட்டார்கள். தூத்துக்குடியில் இறங்குகிற கண்டெய்னர் மதுரை, நாமக்கல், சேலம், தொப்பூர், தர்மபுரி, கிருஷ்ணகிரி வழியாக ஓசூருக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் ஏறி வருகிறது. பேட்டரிக்குக் கஷ்டமான தூரம், கஷ்டமான ஏற்றம், நாள் தவறாத லோடு. ஹைட்ரஜன் லாரிக்கு இதைவிடப் பொருத்தமான சாலை எது?

ஆனால் நடந்தது என்ன? 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாயில் தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. போக்குவரத்துச் சோதனைக்கு மட்டும் 496 கோடி ஒதுக்கினார்கள். 2025 மார்ச்சில் 37 பஸ், லாரிகளும் 9 பங்குகளும் கொண்ட ஐந்து திட்டங்களை அறிவித்தார்கள். மொத்தம் பத்து வழித்தடம். டெல்லி–ஆக்ரா, மும்பை–புனே, ஜாம்ஷெட்பூர்–கலிங்கநகர், விசாகப்பட்டினம் பக்கம், கேரளத்தில் திருவனந்தபுரம்–கொச்சி என்று இருக்கிறது. தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. லாரி செய்கிற ஓசூர் இங்கே, ஹைட்ரஜன் ரயில் பெட்டி செய்த பெரம்பூர் ஐ.சி.எஃப். இங்கே, ஐ.ஐ.டி.யோடு சேர்ந்து ஹைட்ரஜன் ஆராய்ச்சிக்கு 180 கோடி போடுவதாக 2024இல் ஹூண்டாய் அறிவித்ததும் இங்கேதான். ஓட்டிப் பார்க்கிற சாலை மட்டும் இங்கே இல்லை. இதில் எனக்கு வருத்தம் உண்டு, மறைக்கவில்லை.

அடுத்த கட்டச் சோதனைக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது தூத்துக்குடி–ஓசூர் வழித்தடத்தைச் சேர்க்க வேண்டும் என்று தர்மபுரி, கிருஷ்ணகிரி எம்.பி.க்கள் இருவரும் சேர்ந்து கேட்க வேண்டும், மாநில அரசும் எழுத வேண்டும். எரிபொருள் கலம், ஹைட்ரஜன் இன்ஜின் என்ற இரண்டு வகை லாரியையும் தொப்பூரில் ஏற்றி இறக்கி, எது எவ்வளவு தின்றது, எது எங்கே நின்றது, பழுது பார்க்க எவ்வளவு நேரமானது என்று மாதா மாதம் வெளிப்படையாகப் போட வேண்டும். லாரி உரிமையாளர்கள் அதைப் பார்த்து முடிவு செய்துகொள்வார்கள், மானியத்தைக் காட்டி இழுக்க வேண்டியதில்லை.

அந்த லாரிகள் வருவதற்கு ஒரு வருடம் முன்பே ஓசூர், தர்மபுரி அரசு ஐ.டி.ஐ.க்களில் உயர் அழுத்த வாயு வேலைக்கு ஒரு குறுகிய காலப் படிப்பு தொடங்க வேண்டும். டார்க் ரெஞ்ச் பிடிப்பது, கசிவு பார்ப்பது, டேங்கை வெறுமையாக்குவது, எதைத் தொடக்கூடாது என்பது, இவ்வளவு போதும். பாடம் தமிழில் இருக்க வேண்டும். பத்தாவது தாண்டாதவர்களுக்கும் இடம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் நல்ல மெக்கானிக்குகளில் நிறைய பேர் அவர்கள்தான். தேறியவர்களுக்கு அரசு ஒரு சான்று கொடுக்கட்டும், அந்தச் சான்று இல்லாத பட்டறை ஹைட்ரஜன் வண்டியைத் தொடக்கூடாது என்று சட்டமும் போடட்டும். கட்டணம் வைத்தாலும் கட்டத் தயாராக இருக்கிறோம். வகுப்பை மட்டும் ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள், மற்ற நாளில் பட்டறையைப் பூட்டிவிட்டு வர எங்களால் முடியாது.

இப்படிக்கு,
லாரிப் பட்டறை உரிமையாளர்,
கிருஷ்ணகிரி.